ரிக்குவுக்குச் சத்தம் கொடுத்தவள்

புதுக்கடை
22 ஜனவரி 2007

பெபிஷாவுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. கேட்காமலே தொடங்குகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ வீட்டுக்குப் போன் செய்தாய். நான் ஜவுளிக்கடையில் வேலையில் இருந்தேன். அம்மா எடுத்தாள். நீ என்ன சொன்னாயோ தெரியாது. அம்மா ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு, அவிழ்ந்த தலையோடு மாதா கோயிலுக்கு ஓடி மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறாள். நேரங்கெட்ட நேரத்தில் கோயில் மணி அடித்தால் நம் கடற்கரையில் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், மீன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கோயில் முற்றத்தில் கூடிவிட்டார்கள். "எனக்க பிள்ளை பேசினான்! ஷிஜின் பேசினான்! உயிரோட இருக்கான்!" என்று அம்மா ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். யாரோ ஒரு புத்திசாலி வெடி வேறு போட்டிருக்கிறான்.

நம் தம்பியோடு அந்தப் போட்டில் போன மற்ற நான்கு பேரின் வீட்டுப் பெண்களும் ஓடிவந்துவிட்டார்கள். கொச்சிக்கு வெளியே அந்தப் போட்டைக் கப்பல் இடித்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்க ஆளும் கூட இருக்காரா?" அம்மாவுக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில், "எல்லாரும் இருக்காங்க மக்கா, எல்லாரும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டாள்.

நான் பஸ்சிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடிப் போய், போனில் பதிந்திருந்த நம்பரைப் பார்த்தேன். உன் நம்பர். திரும்பக் கோயில் முற்றத்துக்குப் போய், "அது எங்க பெபிஷா" என்று சொன்னவள் நான். அந்த நான்கு பெண்களில் ஜெபகனி மட்டும், "இன்னும் ஒருக்கா விசாரிச்சுப் பாரு இசபெல்" என்றாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

உன்மேல் குற்றம் இல்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? குற்றம்தான் சொல்கிறேன். உன் சத்தமும் அவன் சத்தமும் ஒன்றுபோல இருக்கும் என்பது உனக்குத் தெரியாததா?

இனி நீ வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது. இணைப்பை வெட்டச் சொல்லிவிட்டேன். என் செல் நம்பரையும் மாற்றிவிட்டேன். எழுதுவதானால் இந்தக் கடை முகவரிக்கு எழுது, வீட்டுக்கு எழுதாதே. அம்மா ஒரு நிலைக்கு வரும்வரை ஊருக்கும் வர வேண்டாம். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இசபெல்

*

சாலிகிராமம், சென்னை
4 பிப்ரவரி 2007

அக்காவுக்கு,

"அம்மா, நான்தான். சாப்பிட்டியா?" இவ்வளவுதான் நான் பேசியது. அதற்குள் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. அம்மா மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்பதை உன் கடிதத்தில்தான் படித்தேன்.

அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு ஜப்பான் கார்ட்டூனுக்கு டப்பிங். டிவியில் போடுவதற்காகத் தமிழில் மாற்றுகிறார்கள். ரிக்கு என்று பத்து வயதுப் பையன். ராட்சதக் கோலா மீன் ஒன்றின் முதுகில் ஏறித் தீவு தீவாகப் போகிறவன். கோலா பறக்கும், ஆள் ஏறினால் எப்படிப் பறக்கும் என்று நீ கேட்பாய். ஜப்பான்காரர்கள் அதையெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை. சின்னப் பையன்களுக்கு எங்கள் தொழிலில் பெண்கள்தான் சத்தம் கொடுக்கிறோம். நிஜப் பையனை வைத்தால் இரண்டு வருடத்தில் தொண்டை உடைந்து ஆண் சத்தம் வந்துவிடும். கார்ட்டூன் பையனுக்கு வயது ஏறாதே.

அன்றைய கதையில் புயல். ரிக்கு அலையில் விழுந்து, மீனைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே இருக்கிறான். வாய் அசைவுக்குச் சரியாகச் சேரும்வரை அந்தக் கத்தலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். வெளியே வரும்போது தொண்டையில் கரகரப்பு மட்டும்தான் மிச்சம். அம்மாவோடு பேச வேண்டும்போல இருந்தது. பேசினேன். அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அந்த நான்கு வீட்டுக்கும் நானே போய் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ வராதே என்கிறாய். சரி. ஆனால் ஒரு நிலைக்கு வரும்வரை என்று எழுதியிருக்கிறாயே, அது எந்த நிலை என்று சொன்னால் எனக்குக் காத்திருக்க வசதியாக இருக்கும்.

பெபிஷா

*

புதுக்கடை
16 ஜூன் 2008

பெபிஷாவுக்கு,

எந்த நிலை என்று நீ கேட்டு ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. பதில் இப்போதுதான் எனக்கே தெளிவானது.

கடலில் போனவர்களுக்கு நம் ஊரில் குழி கிடையாது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் பூசையில் பெயர் வாசிப்பதுதான் அவர்களுக்கு அடக்கம். அந்தப் பெயரை வீட்டில் மூத்தவர் தன் வாயால், கோயில் நோட்டில் எழுதும் உபதேசியாரிடம் சொல்ல வேண்டும். போன நவம்பரில் மற்ற நான்கு வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். ஜெபகனிகூடச் சொன்னாள். அம்மா சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன். உபதேசியார் ததேயுஸ் எழுத மறுத்துவிட்டார். "பெத்தவ இருக்கும்போ நீ சொல்லப்பிடாது மக்கா. அவளுக்கு மனசு வரட்டு." அம்மா ஷிஜின் பெயரைத் தன் வாயால் சொல்லும் நாள்தான் நான் சொன்ன நிலை. அதற்குப் பிறகு நீ தாராளமாக வரலாம்.

இப்போது அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

உன் அத்தான் சவுதியிலிருந்து வந்தபோது டிவி வாங்கி வைத்து, கேபிளும் இழுத்துக் கொடுத்தார். போன வாரம் கடை விடுமுறை. நாலரை மணிக்கு அம்மா ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். தினமும் அப்படித்தானாம். நான் அடுக்களையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஷிஜின் பேசினான். இருபத்து மூன்று வயது ஷிஜின் இல்லை, ஐந்தாம் வகுப்பு ஷிஜின். கத்தி கையை வெட்டிவிட்டது. போய்ப் பார்த்தால் திரையில் ஒரு பையன், மீன்மேல்.

அம்மா அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இண்ணைக்குத் தொண்டை கெட்டியிருக்கு. சுக்கு போட்டு வெந்நி குடிக்கணும்" என்று திரையைப் பார்த்துச் சொல்கிறாள். முடிந்ததும், "சாப்பிட்டியா மக்கா?" என்று ஒரு கேள்வி. அதற்கு ஷாம்பு விளம்பரம் பதில் சொல்கிறது.

ரிக்கு என்று எழுதினாயே, அவன் ஷிஜின் என்று ஏன் எழுதவில்லை? அது நீதான் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இரண்டாம் தடவையும் ஒரு முற்றத்தில் நின்று அவன் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். என்னால் ஆகாது.

இசபெல்

*

சாலிகிராமம்
11 ஜூலை 2008

அக்காவுக்கு,

ஆமாம், அது அவன்தான். அவன் உயிரோடு இருக்கும்போதே எடுத்தது.

2005-ல் ரிக்குவுக்குச் சத்தத் தேர்வு நடந்தது. ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. எங்கள் டப்பிங் டைரக்டர் ஜெயசிங் சார் நாகர்கோவில்காரர். தன் ஊர்ப் பேச்சின் இழுவையை எப்போதோ தொலைத்துவிட்டவர். "ஊர்ப் பாட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வாம்மா" என்றார். கழற்றி வைத்துவிட்டு எனக்குத் தெரிந்த பையன் சத்தம் எல்லாவற்றையும் பேசிக் காட்டினேன். ஜப்பான்காரர் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் எரிச்சலில், ஷிஜின் கடலில் குளித்துவிட்டு வந்து குளிக்கவில்லை என்று அம்மாவிடம் சாதிப்பானே, நடுவில் மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, அப்படிப் பேசினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

அன்றைக்கே ஷிஜினுக்குக் கொச்சிக்குப் போன் செய்து ரிக்குவாகப் பேசிக் காட்டினேன். "ஏட்டி, எனக்க சத்தத்த வச்சுப் பிழைக்கியா? ஆஸ்கார் கிடைச்சா பாதி எனக்கு, கேட்டியா" என்றான். அவனுக்குத் தெரியும் அக்கா. சம்மதித்துதான் போனான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்கிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? ஒரிஜினல் ஜப்பான் ரிக்குவுக்குச் சத்தம் கொடுப்பவர் பெயர் சிசுகோ ஒகிமோட்டோ. ஐம்பத்தேழு வயது அம்மாள். வேலை நேரம் முழுக்க என் ஹெட்போனில் அவர்தான் பேசுகிறார். அவர் மூச்சு விடும் இடத்தில் நானும் விட வேண்டும். அவர் சிரிப்பை முடிக்கும் இடத்தில் நானும் முடிக்க வேண்டும். அதனால் அவர் கதை முழுவதையும் ஜெயசிங் சாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா வடக்கே பனி விழும் ஊரில் சுரங்கத் தொழிலாளி. இவர் பதினெட்டு வயதில் டோக்கியோவுக்கு ஓடிப் போய் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். ஆள் ரொம்பக் குள்ளம். மேடையில் குழந்தை வேடம்தான் கொடுத்தார்கள். வயது ஏறியதும் அதுவும் போய்விட்டது. பகலில் சோற்றுப் பொட்டலம் கட்டும் கடையில் வேலை, சாயங்காலம் ரேடியோவில் கூட்டத்தில் ஒரு சத்தம். முப்பது வயதில் ரிக்கு கிடைத்தான். அதற்குப் பிறகு விடவில்லை.

அங்கே எல்லாரும் ஒரே அறையில் நிற்பார்களாம். மைக் மூன்று நான்குதான். தன் முறை வந்ததும் சத்தமில்லாமல் நடந்து போய்ப் பேசிவிட்டுப் பின்னால் வர வேண்டும். தாளைத் திருப்பும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. இங்கே நான் ஒரு இருட்டறையில் தனியாக நின்று துண்டு துண்டாகப் பேசுகிறேன். அங்கே கடைசியில் அவர் பெயர் ஓடும். இங்கே எங்கள் பெயர் வராது. ஆனாலும் காய்கறிக் கடையில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாதாம். யார் குழந்தையாவது அழுதால் மட்டும் ரிக்குவாக ஒரு வார்த்தை பேசுவாராம். அது அழுகையை நிறுத்திவிட்டு, பேசியது யார் என்று சுற்றிலும் தேடுமாம்.

இதை நான் ரசித்துச் செய்கிறேன். என் வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான்.

ஒரு சந்தேகம். நீ எழுதிய வாரம் போட்ட பகுதிகளைப் பதிவு செய்தபோது எனக்கு நிஜமாகவே ஜலதோஷம். ஜெயசிங் சாரே கவனிக்கவில்லை. அம்மா எப்படிக் கண்டுபிடித்தாள்?

பெபிஷா

*

புதுக்கடை
10 நவம்பர் 2009

பெபிஷாவுக்கு,

உன் ஜப்பான் அம்மாளின் கதையைப் படித்தேன். நல்ல கதை. நான் இங்கே நடப்பதை எழுதுகிறேன்.

இந்த வருடமும் அம்மா பெயர் கொடுக்கவில்லை. சரி, கல்லறைத் தோட்டத்துக்காவது வா என்று கூட்டிப் போனேன். மூன்றரைக்குப் பூசை. பங்குச் சாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்த நான்கு வீட்டாரும் மெழுகுவத்தியோடு நிற்கிறார்கள். அம்மா என் கையை உதறிவிட்டு நடக்கத் தொடங்கினாள். "எங்க போற?" என்றேன். "நேரமாச்சு" என்றாள். நாலரை மணி கார்ட்டூனுக்கு. அத்தனை பேருக்கு நடுவில்.

ஜெபகனி என் பக்கத்தில் நின்றாள். சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை. "உனக்க அம்மைக்கு மட்டும் மவன் தெனமும் வாறான். எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். நான் அந்த இடத்திலேயே புதைந்து போயிருக்கலாம். சௌகரியமான இடம்தான்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில், "இந்தக் கேபிளை வெட்டிப் போடுவேன்" என்று கத்தினேன். அம்மா டிவிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். வெட்ட எனக்குக் கை வரவில்லை. வெட்டினால் சாகும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் சத்தம் தானாக மாறிப்போனால் அவளே எழுந்துவிடுவாள். அவன் இல்லை என்பது அவளுக்கே உறைக்கும்.

ஆகவே கேட்கிறேன். அந்தப் பையனை விட்டுவிடு. வேறு எத்தனையோ பேருக்குப் பேசுகிறாயே, அவர்களுக்குப் பேசு. இவனை மட்டும் விடு.

இசபெல்

*

சாலிகிராமம்
2 டிசம்பர் 2009

அக்காவுக்கு,

முடியாது.

போனை வெட்டினாய், ஊரை வெட்டினாய், அம்மாவை வெட்டினாய். பேசாமல் இருந்தேன். இப்போது வேலையையும் வெட்டச் சொல்கிறாய். இரண்டு கிறிஸ்துமசுக்கு இங்கே மெஸ்ஸில் சாப்பிட்டேன், மூன்றாவதும் வருகிறது. லீவு கிடைக்காத பெபிஷா!

நான் கொலை எதுவும் செய்யவில்லை. ஒரு போன் செய்தேன்.

பெபிஷா

*

போரூர், சென்னை
18 ஜூன் 2011

அக்காவுக்கு,

ஒன்றரை வருடமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. வீடு மாறிவிட்டேன். புது முகவரி மேலே இருக்கிறது.

சிசுகோ அம்மாள் இறந்துவிட்டார். போன வருடமே இறந்திருக்கிறார், எங்களுக்குத்தான் இப்போது தெரிந்தது. அங்கே எடுக்கும் பகுதிகள் இங்கே வந்து சேர ஒரு வருடம் ஆகும். கடைசி நாட்களில் நிற்க முடியாமல் மைக் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசினாராம். நோயை யாரிடமும் சொல்லவில்லையாம். கடைசியாக அவர் பதிவு செய்த பகுதியில் ரிக்கு பேசுவதே குறைவு, சிரித்துக்கொண்டே இருக்கிறான். அதற்கு நான் தமிழில் சிரித்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த பகுதிக்கு ஹெட்போனை மாட்டினால் வேறொரு பெண். ரிக்குவின் வாய் அசைகிறது, சத்தம் அவருடையதில்லை. புதியவளும் நன்றாகத்தான் பேசுகிறாள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஜெயசிங் சார் விளக்கைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, மறுநாள் வா என்று அனுப்பிவிட்டார்.

ஜப்பானில் முதல் மாதம் முழுக்கக் குழந்தைகள் டிவிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார்களாம், எங்கள் ரிக்கு எங்கே போனான் என்று. பிறகு நின்றுவிட்டதாம். பையன் பாட்டுக்கு மீன்மேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறான். அதைக் கேட்டபோது நீ எழுதியது புரிந்தது. சத்தத்தை யாராவது நிறுத்தினால்தான் போனவர் போனவராக ஆக முடியும். இதுவரை நான் நிறுத்தாமல் இருந்தேன். அம்மாவுக்காக இல்லை, எனக்காகத்தான். ரிக்கு இல்லாமல் தம்பியோடு இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போன வாரம் ரிக்குவை விட்டுவிட்டேன். சுனிதா என்று தஞ்சாவூர்ப் பெண் பேசுகிறாள். அக்டோபர் முதல் அவள் சத்தம்தான் வரும். இங்கே யாரும் கடிதம் எழுதிக் கேட்கப் போவதில்லை. பெயரே போடாதபோது, போனது யார் என்று யாருக்குத் தெரியும்?

வருத்தமாக இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் செய்துவிட்டேன். இந்த நவம்பரில் அம்மா பெயரைச் சொல்லட்டும். சொன்னால் ஒரு வரி எழுது, வருகிறேன்.

பெபிஷா

*

புதுக்கடை
27 அக்டோபர் 2011, வியாழக்கிழமை

பெபிஷாவுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன். கடைசிவரை படித்துவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்.

இந்த மாதம் முதல் வாரம் சத்தம் மாறியது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். எழுந்து டிவியை நிறுத்தினாள். மறுநாளும் போட்டுப் பார்த்தாள், நிறுத்தினாள். பிறகு போடவே இல்லை. நீ செய்தது பலித்துவிட்டது என்று எனக்கு ஒரு ஆறுதல். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். துக்கம் இப்போதுதான் இறங்குகிறது, இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அவளே வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வந்து, "உபதேசியாரப் பாக்கணும், வா" என்றாள். போனோம். ததேயுஸ் தாத்தா நோட்டைத் திறந்தார். அம்மா தம்பியின் ஞானஸ்நானப் பெயரையும் கூப்பிடும் பெயரையும் சேர்த்து, தடங்கல் இல்லாமல் சொன்னாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஐந்து வருடம் காத்திருந்தது இதற்குத்தானே.

எழுதி முடித்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இசபெல்லே, இளையவளுக்க பேரும் குடுக்கணுமா? உள்ளதைச் சொல்லுட்டி."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அவளுக்க சத்தம் நிண்ணு போச்சு" என்றாள். "வேற ஒருத்தி பேசுகா. தம்பிக்கும் இப்பிடித்தான். முதல்ல சத்தம் வராம போச்சு, பொறவு நீங்க எல்லாரும் வந்து சொன்னிய. அவளுக்கு என்ன ஆச்சு? எப்பம் ஆச்சு? ஏன் எனக்கிட்ட மறைக்கிய?"

"அம்மா, டிவில பேசினது ஆருன்னு உனக்குத் தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? போன்ல ஒருநாளு ஏமாந்து போனேன், உள்ளதுதான். மவன் வருவான் வருவான்னு கிடந்த நேரம் அது. பொறவும் ஏமாறுவேனா? அவன் போயிட்டான்னு எனக்குத் தெரியும். நான் கேட்டது பெபிஷாவ. தம்பிய மாதிரிப் பேசிக் காட்டி நம்மளச் சிரிக்க வைப்பாளே, அவளத்தான். சளி பிடிச்சா எனக்குத் தெரியும். மனசு சரியில்லன்னாலும் தெரியும்."

"பின்ன ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா வெட்டிப் போடுவ. போனை வெட்டினல்லா? கேபிளையும் வெட்டுவேன்னு நிண்ணல்லா?"

ததேயுஸ் தாத்தாதான் கேட்டார், "அப்பம் இத்தன வருசமா இவனுக்க பேரு ஏன் குடுக்கல தாயி?"

"அவளும் வரட்டும்னு இருந்தேன். தம்பிக்க பேரு வாசிக்கும்போ அக்காமாரு ரெண்டு பேரும் நிக்காண்டாமா? வருசா வருசம் லீவு இல்லன்னு சொன்னா இவ. இந்த வருசம் சத்தமும் இல்ல. இனி ஆருக்குக் காத்திருக்க?"

நீ உயிரோடு இருக்கிறாய் என்று மாதாமேல் சத்தியம் செய்தேன். கைப்பையில் வைத்திருந்த உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்க வாசித்தார். அம்மா அசையாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, "கடுதாசி ஆரும் எழுதலாம். அவ பேசட்டு" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் யார் சொல்வதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வருடமாக நான் சொன்ன லீவுக் கதைகளை நம்பியவள் இல்லை போலிருக்கிறது. இதை மட்டும் எப்படி நம்புவாள்?

ராத்திரி முழுக்க உன் பழைய நம்பரைத் தேடினேன். என்னிடம் இல்லை. உன் அத்தானிடம் கேட்டு வாங்கி அடித்தேன், யாரோ இந்தியில் பேசினார்கள். உன் புது நம்பரை நீ எழுதவில்லை. நான் என்றைக்குக் கேட்டேன், நீ எழுதுவதற்கு?

என் நம்பர் அடியில் இருக்கிறது. செல்லை அம்மா கையில் கொடுத்திருக்கிறேன். கடைக்குப் போகும்போதும் அவளிடமே விட்டுவிட்டுப் போகிறேன். எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தாயிற்று. நான் செய்ததைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். திட்ட வேண்டியதை அப்போது திட்டு, எனக்கும் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்க்காரன் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தாத்தா பெயர்களைச் சாமியாரிடம் கொடுத்துவிடுவார். ஷிஜின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரை எழுதச் சொல்லி அம்மா இன்று காலையும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள்.

படித்ததும் கூப்பிடு. பேசிவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறு.

அக்கா